வகுப்பு: படகு

படகு என்று எழுதினேன்.
படகு வரவில்லை.

மண்டபம் டோக்கன் ஆபீஸ்.
ஒரு இறக்கை வளைந்த மின்விசிறிக்குக் கீழே
இன்னும் எழுதினேன்:
நீளம், குதிரைத்திறன், டீசல், உரிமையாளர்.
நீளத்துக்கு அடிக்கணக்கு இல்லை,
டீசலுக்கு வாடை இல்லை,
உரிமையாளருக்குக் கடன் இல்லை.
வகுப்பு என்பது இவ்வளவுதான்.
யாரும் இன்னும் ஏறாத ஒன்றைப் பற்றி
உறுதியாகப் பேசுவது.

கவுண்டருக்கு வெளியே நம்புவேல்
விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வகுப்புன்னு போட்டிருக்கு. என்ன எழுத?"
மெர்சலின் நிமிராமல் சொன்னாள்,
"சர்டிபிகேட்ல இருக்கிறதை."
அதே சொல்லைத்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.
என்னுடையதை நான் ராத்திரியே அழித்து
வேறு மாதிரி எழுதலாம்.
அவருடையது மூன்று நகல்,
மூன்றிலும் தாசில்தார் முத்திரை.

புதிது, என்றேன்.
நினைவகத்தில் எங்கோ ஓரிடம் ஒதுங்கிக் கொடுக்க
நாற்பத்தெட்டு அடியில் வந்து நின்றது
நம்புவேலின் படகு.
மறுபடி புதிது.
இது தம்பி நம்புராசுவின் படகு:
அதே பட்டறை, அதே நீளம், அதே பச்சை,
அதே நூற்றிருபது குதிரை.
இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டேன்.
இல்லை என்றது இயந்திரம்.
உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றானாலும்
நிற்கிற இடம் வேறு.
தம்பியைக் கேட்டிருந்தால்
இன்னும் உரக்கச் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு செயலின் வாசலிலும்
தான் என்றொரு சொல்.
புறப்படு என்றால் யார் புறப்பட?
தான்.
யார் டீசலில் கழிக்க?
தன்.
கட்டளையை ஒருமுறைதான் எழுதினேன்;
எந்தப் படகை அழைத்தாலும்
அந்த நேரத்துக்கு அது அந்தப் படகுடையது.
விடியாத மூன்று மணிக்கு
ஜெட்டி இருட்டில் "யாருடா அது" என்றால்
அத்தனை பேரும் சொல்வது ஒரே பதில்:
நான்தான்.
பேரே இல்லாத பதில்.
இருந்தும் ஆள் தெரிந்துவிடும்.

கிடைத்த இறால் எவ்வளவு என்பதை
உள்ளே பூட்டி வைத்தேன்.
வெளியிலிருந்து யாரும் தொட முடியாது.
கேட்டால் படகே சொல்லும்,
சொல்ல நினைத்த அளவுக்கு.
இதை மட்டும் இந்தக் கரையில்
யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிழை கார்த்திகையில் வந்தது.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
எச்சரிக்கை எண்ணை நான்
ஒவ்வொரு படகுக்குள்ளும் தனித்தனியே வைத்திருந்தேன்.
அறுநூற்றுச் சொச்சம் படகு.
ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே போக
கரண்ட் போய் வந்ததில் ஒன்று விடுபட்டது.
ஊரெல்லாம் மூன்று.
அதற்கு மட்டும் பூஜ்யம்.
அதற்கு மட்டும் டோக்கன்
நாக்கு நீட்டுவது போல வெளியே வந்தது.

நம்புவேல் அதை வாங்கினார்.
காற்று பிடுங்கப் பார்த்தது; விரலை இறுக்கினார்.
கடலைப் பார்த்தார்,
காகிதத்தைப் பார்த்தார்.
"உங்க கம்ப்யூட்டருக்கு
என் போட்டு மேல என்னம்மா கோபம்?"
திருப்பித் தந்துவிட்டு
கயிறு இன்னொன்று கட்டப் போனார்.

அன்றிரவு ஒரே ஒரு வரியை இடம் மாற்றினேன்.
படகுகளின் வயிற்றிலிருந்து எடுத்து
வகுப்பின் உச்சியில், பொதுவாக.
பாம்பனில் தொங்குவது ஒரு கூண்டுதானே?
ஒரு கூண்டுக்கு
அறுநூறு நகல் எடுத்து
ஒவ்வொரு அணியத்திலும் கட்டியவள் நான்.

காலையில் ஒரு படகு பதிவுக்கு வந்தது.
பெயிண்ட் காயவில்லை,
கடலை இன்னும் பார்த்ததில்லை.
புதிது, என்றேன்.
கூண்டு எண் என்ன என்று
அதைத்தான் முதலில் கேட்டேன்.

மூன்று, என்றது.